மஞ்சள் ஏறாத குழாய்

கண்ணாடிக் குழாயில் மஞ்சள் ஏறவில்லை. அதனால் ஒரு பெண் ஜெயிலுக்குப் போகப்போகிறாள். பாக்கி இருந்தது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

அதைப் போட வேண்டியவளுக்கு அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்தில் தராசு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் ஊற்றினால் ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. கோர்ட்டில் அவள் ரிப்போர்ட் என்றால் வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்கவே யோசிப்பார்கள். மனிதர்களையும் அதே தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பாள் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே வம்பு. ஒரு தடவை எடை போட்டுவிட்டால் போட்டதுதான், மறுபடி இறக்கி ஏற்றுகிற வழக்கம் கிடையாது.

"மேடம், மத்தியானம் கோர்ட்ல ஆஜர் பண்ணணும்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அதன் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க பேப்பர் கையில இருந்தா ரிமாண்டு. இல்லாட்டி ஜட்ஜ் என்னைத்தான் வறுத்தெடுப்பாரு."

"அவசரப்படாதீங்க. ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்."

கேஸ் ஒன்றும் சிக்கலானது இல்லை. ஒரு வீடு. அதில் மாமியார், மகன், மருமகள், ஒரு சின்னப் பெண். முந்தாநாள் காலையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் வாய்ச்சண்டை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்கிற சண்டை. அது முடிந்த கொஞ்ச நேரத்தில் மருமகள் எலுமிச்சை ஜூஸை ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். மாமியார் குடித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள், வாந்தி நிற்கவே இல்லை. மகன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேர்த்தான், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் சமையலறைத் தொட்டிக்குக் கீழே கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற மருந்து, பாட்டில் பாதி காலி. அவனுக்கு அது போதுமாக இருந்தது. பெண்டாட்டி மேல் அவனே போய்ப் புகார் கொடுத்தான்.

டம்ளரில் மிச்சமிருந்த ஜூஸைப் போலீஸ்காரர்கள் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து இங்கே கொண்டுவந்தார்கள். பூச்சி மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பூச்சி மருந்து என்ன செய்கிறதென்றால், நரம்புக்கும் தசைக்கும் நடுவே வேலை செய்கிற ஒரு நொதியைக் கொன்றுவிடும். என்சைம் என்று சொன்னால்தான் லேபில் யாருக்கும் புரியும், நொதி பாடப் புத்தகத்தோடு சரி. ஆகவே அந்த நொதியையே குழாயில் வைத்துப் பரிசோதிப்பார்கள். நொதியோடு ஜூஸைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் விடுவது. பிறகு நிறம் காட்டும் மருந்தை விடுவது. நொதி உயிரோடு இருந்தால் மஞ்சள் ஏறும். செத்திருந்தால் குழாய் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும்.

தராசு செய்தபோது அப்படியேதான் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, கண்ணாடிப் பீக்கரில் பிழிந்து அதையும் இன்னொரு குழாயில் போட்டிருந்தாள். அது ஜம்மென்று மஞ்சளானது. ஆகவே எலுமிச்சை மேல் குற்றம் இல்லை. குற்றம் ஜூஸில் கலந்த ஏதோ ஒன்றின் மேல்.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. போலீஸ் கேஸ் என்றால் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் முறை. இரண்டாவது ஆள் தூங்குமூஞ்சி. அவருக்கு அந்தப் பெயரை முகத்துக்கு நேராகவே வைத்திருந்தார்கள், அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவருடைய குழாயில் மஞ்சள் ஏறியிருந்தது.

"சாம்பிளைப் போட மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள் தராசு.

"போட்டேன்னுதான் நினைக்கறேன்," என்றார் அவர்.

அந்த 'நினைக்கறேன்' அவரைக் கவிழ்த்துவிட்டது. போன வருஷம் ஒருநாள் முழுக்க வெறும் தண்ணீரைப் பரிசோதித்து, ஊரிலேயே சுத்தமான பால் இதுதான் என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் அவர். தராசு அவருடைய முடிவின்மேல் ஒரு கோடு கிழித்து, செய்முறைப் பிழை என்று எழுதினாள். தன் பங்கை இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் மஞ்சள் இல்லை. பாட்டிலின் அடியில் இன்னும் ஒரே ஒரு குழாய்க்குத் தேறுகிற அளவு மிஞ்சியது. அதை முறைப்படி சீல் வைத்து, கோர்ட் கேட்டால் வேறு லேபுக்கு அனுப்புவதற்காகக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

"அந்தப் பொம்பளை ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டாள் இப்போது, பேனா மூடியைத் திறந்தபடி.

"எங்க ஒத்துக்கறா! கெட்டிக்காரி மேடம். நேத்து முழுக்க வாந்தி எடுத்து நடிச்சா. நானும் அதைத்தான் குடிச்சேன்னு சொல்றா. இவ குடிச்சதை யாரு பார்த்தது?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அப்புறம் புருஷன்கிட்ட பேசணும், ஒரே ஒரு வார்த்தை பேசணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. அவர் பேச மாட்டேன்னுட்டார். அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்னுட்டார். பாவம், வெளியிலதான் உக்காந்திருக்கார், பொண்ணோட. ரிசல்ட்டைத் தன் காதால கேக்கணுமாம்."

தராசு காதில் வாங்கிக்கொண்டாள், மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வேலை குழாயோடு. ஒரு பெண் நடிக்கிறாளா இல்லையா என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் வராந்தாவில் ஒரு அதட்டல் கேட்டது. தொடர்ந்து குழந்தை அழுகிற சத்தம்.

தராசுக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பெஞ்சின்மேல் சவரம் செய்யாத முகத்தோடு ஒரு ஆள். அவன் பக்கத்தில் ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. கழுவி விட்ட தரையில் அது எதையோ துப்பி வைத்திருந்தது.

"இது என்ன ஆஸ்பத்திரின்னு நினைச்சீங்களா, சந்தைன்னு நினைச்சீங்களா? இப்பதான் துடைச்சிட்டுப் போனாங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். காலையிலேருந்து அம்மா வேணும், அம்மா ஜூஸ் வேணும்னு ஒரே அடம். அதான் நானே எலுமிச்சை பிழிஞ்சு எடுத்துட்டு வந்தேன். ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிட்டா." அவன் குழந்தையின் பக்கம் திரும்பி, "குடிக்கலைன்னா விடு, துப்புவியா?" என்றான்.

"நல்லாவே இல்ல," என்றது குழந்தை விசும்பிக்கொண்டே. "காசை வாயில போட்ட மாதிரி இருக்கு. பாட்டியும் அப்படித்தான் சொன்னாங்க."

"பாட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் தராசு. குரல் அவளை அறியாமலே இறங்கியிருந்தது.

"காசை நக்கின மாதிரி இருக்குடீ உன் ஜூஸுன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா ஜக்குலேருந்து தனக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் குடிச்சுப் பார்த்தா. எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தைன்னா. அப்புறம் பாட்டி கண்ணை மூடிக்கிட்டு மடமடன்னு குடிச்சாங்க."

குழந்தையின் மடியில் ஒரு பாட்டில் இருந்தது. பளபளவென்று மின்னுகிற செம்புப் பாட்டில். மூடி திருகுகிற இடத்தில் மட்டும் லேசான பச்சைக் கோடு.

தராசு குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"இது எங்க வாங்கினது?"

"போன வாரம்தான் வாங்கினேன் மேடம். செட்டு. ஒரு ஜக்கு, மூணு பாட்டில்." அந்த நிலைமையிலும் அவன் குரலில் வாங்கிய பெருமை எட்டிப் பார்த்தது. "காப்பர் உடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே. அம்மாவுக்கு மூட்டுவலி வேற."

"ஜூஸ் எதுல கலந்தாங்க? முந்தாநாள்?"

"ஜக்குலதான். முதல் நாள் ராத்திரியே கலந்து வச்சிடுவா. காலையில அப்படியே ஊத்திக் குடுப்பா." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏன் மேடம்?"

தராசு குழந்தையின் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஓடினாள்.

தூங்குமூஞ்சி தன் மேஜையில் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து என்சைமை எந்த பஃபர் கரைசல்ல கலந்தீங்க?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "பஃபரா? பழைய பாட்டில்லதான். புதுசா கலக்கணும்னா உப்பு நிறுக்கணும், அமிலம் பார்க்கணும். பழசு அலமாரில இருந்துச்சு. எடுத்து ஊத்தினேன். ஏன், தப்பா?"

"அந்தப் பாட்டில்ல ஈ.டி.டி.ஏ. இருக்கா?"

"முன்னாடி எல்லாம் எல்லாத்துலயும் போட்டுத்தானே வப்போம். நீங்கதான் வந்ததும் நிறுத்தினீங்க. தேவையில்லாத எதுவும் குழாயில இருக்கக்கூடாதுன்னு."

தராசு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்திருந்தார். "மேடம், என்ன ஆச்சு? கையெழுத்து?"

"போட முடியாது."

"என்னது?"

"கொஞ்சம் உக்காருங்க. சொல்றேன்."

உட்கார்ந்தார். அவள் சொன்னாள். இருந்த படபடப்பில் முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். சாராம்சம் இதுதான்.

செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. புளிப்பை வைத்தால் அது செம்பைக் கரைக்கும். ராத்திரி முழுக்க இருந்தால் நன்றாகவே கரைக்கும். கரைந்த செம்பு வயிற்றுக்குள் போனால் வயிறு சும்மா இருக்காது, வாந்தியாக வெளியே தள்ளும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி. எல்லோருக்கும் நல்லது செய்கிற சாது என்று பெயர் எடுத்த சத்து. தனியாக இருக்கும்வரை சாதுதான். கரைந்த செம்போடு கூட்டுச் சேர்ந்தால் அது செம்பை உசுப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். உசுப்பப்பட்ட செம்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து, கடைசியில் ஒரு வெறிபிடித்த துணுக்கை உண்டாக்கும். ஃப்ரீ ராடிக்கல் என்று அதற்குப் பெயர். ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரானோடு பிறக்கும். பிறந்த இடத்தை விட்டு நகர்கிற பொறுமை அதற்குக் கிடையாது, பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிட்டுத்தான் மறுவேலை. குழாயில் செம்பு எங்கே போய் உட்காருகிறது? நொதியின் மேலேயே. ஆக, கடி படுவதும் நொதிதான்.

"அப்போ என்சைம் செத்துப் போச்சுன்னா கொன்னது பூச்சி மருந்துதான்னு அர்த்தம் இல்ல," என்றாள் தராசு. "செம்பும் கொன்னிருக்கலாம். நான் ஒப்பிட்டுப் பார்த்த எலுமிச்சையைக் கண்ணாடியில பிழிஞ்சேன். அதுல வைட்டமின் இருந்துச்சு, செம்பு இல்ல. அதான் பிழைச்சுது. இவரு போட்ட பழைய பஃபர்ல ஈ.டி.டி.ஏ.ன்னு ஒரு உப்பு இருக்கு. உலோகத்தைப் பார்த்தா கவ்விப் பிடிச்சுக்கும், விடாது. செம்பை அது பிடிச்சுக்கிச்சு. அதான் இவரு குழாய்ல மஞ்சள் வந்துச்சு."

"அப்போ நான் சாம்பிளைப் போட்டிருக்கேன்," என்றார் தூங்குமூஞ்சி நிம்மதியாக.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுருங்கியது. "இருக்கலாம், இருக்கலாம்னா எப்படி மேடம்? இதெல்லாம் உங்க ஊகம். பூச்சி மருந்தும் இருந்து, செம்பும் இருந்தா? பாதி பாட்டில் எங்க போச்சு?"

கேள்வி நியாயமானது. தராசு எழுந்துகொண்டாள். நியாயமான கேள்வி என்றால் அவளுக்கு உயிர் வந்துவிடும்.

நான்கு குழாய்களை வரிசையாக நிறுத்தினாள். முதல் குழாயில் குழந்தையின் பாட்டிலில் இருந்த ஜூஸ், அப்படியே. இரண்டாவதில் அதே ஜூஸ், உலோகத்தைக் கவ்வும் உப்போடு. மூன்றாவதில் கண்ணாடியில் பிழிந்த எலுமிச்சை, அதில் அலமாரியிலிருந்து எடுத்த அசல் பூச்சி மருந்து ஒரு துளி, கூடவே அந்த உப்பு. உப்பு பூச்சி மருந்தையும் மறைத்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? மறைத்தால் எல்லாம் பாழ். நான்காவது குழாயைக் காலியாக வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொல்றேன்."

மூன்றிலும் நொதியை விட்டாள். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். காத்திருந்து, நிறம் காட்டும் மருந்தை விட்டாள். வராந்தாக் கதவு வழியாக அந்த ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பது தெரிந்தது. உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை.

முதல் குழாய் தண்ணீர் மாதிரி நின்றது. இரண்டாவது மெல்ல மெல்ல மஞ்சளானது. மூன்றாவது தண்ணீர்.

"பார்த்தீங்களா? இவர் கையால பிழிஞ்ச ஜூஸ். இதுல யாரும் விஷம் வைக்கல. ஆனா இதுவும் என்சைமைக் கொல்லுது. செம்பைப் பிடிச்சுக் கட்டிப்போட்டா கொல்லல. பூச்சி மருந்து இருந்தா மட்டும் அந்த உப்பு போட்டாலும் கொல்லுது."

"சரி மேடம். இது இந்தப் பாட்டில் கதை. அந்த ஜூஸ்?"

தராசு குளிர்பெட்டியைத் திறந்து சீல் வைத்த பாட்டிலை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார். "மேடம், அது சாட்சி. அதைத் தொட்டா மிச்சம் ஒண்ணும் இருக்காது. நாளைக்கு கோர்ட்ல எங்கன்னு கேட்டா?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

"உங்க வேலையே போயிடும்."

"தெரியும்."

உண்மையில் அவளுக்குப் பயமாக இருந்தது, வேலையை நினைத்து அல்ல. இந்தக் கடைசிக் குழாயிலும் மஞ்சள் ஏறாமல் போனால்? அப்போது அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே நூலிழையையும் தன் கையாலேயே அறுத்த மாதிரி ஆகிவிடும். வேறு லேபுக்கு அனுப்பக்கூட ஒன்றும் மிஞ்சாது. சீலை உடைக்காமல் விட்டாலோ, வேறு லேப் பார்த்துச் சொல்ல மாதக் கணக்காகும். அதுவரை அவள் உள்ளே. அந்தக் குழந்தை வெளியே.

"ரெண்டு பேரும் சாட்சியா நின்னு பாருங்க," என்று சொல்லிவிட்டுச் சீலை உடைத்தாள்.

பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை நான்காவது குழாயில் வடித்தாள். உப்பை விட்டாள். நொதியை விட்டாள். இனி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நிறத்தை விட்டால் பூச்சி மருந்து இருந்தும் தப்பித்துவிடும். இந்தக் காத்திருப்பை மட்டும் எந்த அதிகாரியாலும் குறைக்க முடியாது.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கோர்ட்டிலிருந்து. "வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லி வைத்தார். அந்த ஆள் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த மருந்து பாதி பாட்டில்..." என்று தானாகவே ஆரம்பித்தான். "நான்தான் மேடம் போன மாசம் அடிச்சேன். மறந்தே போச்சு. நேத்து ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு."

"ஞாபகம் வந்ததும் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணலையா?"

குழந்தை அவன் தோளில் சாய்ந்து கொண்டு குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தராசுக்கு அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் தூங்குமூஞ்சியின் முடிவின்மேல் தான் கிழித்த கோடு ஞாபகம் வந்தது. அந்தக் கோடு கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அடுத்தவனை எந்த வாயால் கேட்பது? வெட்கமாக இருந்தது, நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் காதில் மட்டும் வாங்கிய ஒன்று மனதுக்கு வந்து சேர்ந்தது.

"சார், அந்தப் பொண்ணு வாந்தி எடுக்கறான்னு சொன்னீங்களே," என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். "இன்னும் எடுக்கறாளா?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுபோயிருந்தது. "நேத்து... நேத்து எடுத்தா."

"இன்னிக்கு?"

"நான் பார்க்கல."

"டாக்டர் யாராவது பார்த்தாங்களா?"

அவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

நேரம் ஆனது. தராசு நிறம் காட்டும் மருந்தைச் சொட்டாக விட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார், நான் அப்போதே சொன்னேனே என்கிற மாதிரி. கொஞ்சமாவது ஏறு, ஏறித் தொலை என்று மனதுக்குள் அந்தக் குழாயைக் கெஞ்சினாள். வாழ்நாளில் ஒரு குழாயை அவள் கெஞ்சியது கிடையாது. கெஞ்சுவது முறையும் இல்லை. வருவதை எழுத வேண்டியவள் இதுதான் வர வேண்டும் என்று ஆசைப்படலாமா? ஆசைப்பட்டாள். மனதார ஆசைப்பட்டாள்.

"வெளிச்சத்துல காட்டுங்க," என்றார் தூங்குமூஞ்சி.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அடியில் ஒரு சாயை. நிஜமா, கண்ணின் ஆசையா என்று தெரியாத மாதிரி ஒரு சாயை. பிறகு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே ஏறியது, பரவியது. குழாய் முழுக்க மஞ்சள்.

"மஞ்சள்!" என்று கத்தியது குழந்தை. அது ஒன்றுதான் அதற்குப் புரிந்திருந்தது.

தராசு மேஜைக்குப் போனாள். தயாராக இருந்த ரிப்போர்ட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதுக் காகிதம் எடுத்து நின்றபடியே எழுதினாள். ஜூஸில் பூச்சி மருந்து இல்லை. செம்புப் பாத்திரத்தில் புளிப்பு நின்றதால் செம்பு கரைந்திருக்கிறது, பாத்திரத்தையும் சோதிக்க வேண்டும். முதலில் மஞ்சள் ஏறிய முடிவே சரியானது, அதைத் தள்ளுபடி செய்தது என் தவறு. அதற்குக் கீழே, எல்லாத் தவறையும் தாங்குகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"என் பேரும் வருமா?" என்று எட்டிப் பார்த்தார் தூங்குமூஞ்சி.

"வரும் சார்."

"நிஜப் பேரா?"

"நிஜப் பேர்தான்."

இன்ஸ்பெக்டரின் போனை இப்போது யாரோ எடுத்திருந்தார்கள். அவர் கேட்டார். "தண்ணியாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். பிறகு, "ஜீப்பை எடுங்க. கோர்ட்டுக்கு இல்லய்யா, ஆஸ்பத்திரிக்கு. இப்பவே," என்றார். தொப்பியை எடுத்தவர் அதைத் தலையில் வைக்கவில்லை.

"எழுந்து நிக்க முடியலையாம்," என்றார் தராசைப் பார்த்து. அந்த ஆளைப் பார்க்க முடியவில்லை அவரால். "பேசறா. தெளிவா பேசறாளாம். கான்ஸ்டபிள் அம்மா பக்கத்துல இருக்காங்க. புருஷன்கிட்ட ஒரு வார்த்தைன்னு இன்னும் அதையேதான் கேக்கறாளாம்."

அவர் போனை நீட்டினார். அந்த ஆளின் ஒரு கை குழந்தையின் இடுப்பிலும் இன்னொன்று கதவுநிலையிலும் இருந்தது. வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை. இன்ஸ்பெக்டரே ஸ்பீக்கரைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டு, "நான்தான்," என்றான். "நான்... எனக்குத் தெரியாம..."

"அதெல்லாம் அப்புறம்," என்றது ஒரு பெண் குரல். தொண்டை காய்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு வந்தது. "நேத்துல இருந்து இதை ஒண்ணு சொல்லத்தான் கேக்கறேன். எனக்கு அந்த ஜக்கு மேலதான் சந்தேகம், இங்க சொன்னா யாரும் காதுல வாங்கல. பாப்பாவோட பாட்டிலும் அதே செட்டு. அதுல எலுமிச்சை ஊத்திக் குடுத்துடாதீங்க. என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க. அவளுக்கு அதுல குடுத்துடாதீங்க."

அவன் மேஜைமேல் திறந்தபடி இருந்த அந்தச் செம்புப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தராசு குழந்தையின் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா கேக்கறாங்க பாரு. நீயே சொல்லு."

குழந்தை போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனது.

"அம்மா," என்றது. "நான் துப்பிட்டேன்மா."